அளவுக்கு மிஞ்சிய காற்று

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் பழைய டர்போ கார் ஒன்று திடீரெனத் திணறுகிறது. காரணம் என்ன?

1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி காப்புரிமை கோரிய கருவி இது. புகைவாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். அழுத்தம் மிஞ்சினால் பிஸ்டனே உடையலாம்! ஆகவே, அமுக்கப்பட்ட காற்றில் சிறிது ரப்பர்க் குழாய் வழியே சென்று ஒரு சவ்வைத் தள்ளும். உடனே வால்வு திறந்து, புகையின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே வெளியேறிவிடும்.

இதில் பழுது எங்கே? எஞ்சின் ஆறியபின் மெக்கானிக் சவ்வுக்குக் கைப்பம்பால் காற்றடிப்பார். வால்வு அசைந்தால், வெடிப்பு ரப்பர்க் குழாயில் உள்ளதா என்று பார்ப்பார். அசையாமல் காற்று கசிந்தால், சவ்வு கிழிந்திருக்கும். கசியாமலும் அசையாவிட்டால், வால்வு துருவேறி இறுகியிருக்கும். உப்புக் காற்று வீசும் ஊரில் இதில் வியப்பில்லை அல்லவா?