மூழ்கினாலும் துளிர்க்கும் நெல்!

ஆவடி, பூந்தமல்லி பக்கம் மிச்சமிருக்கும் நெல் வயல்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் சோதனை. சம்பா நட்டு, தூர் கட்டும் நேரத்தில் கனமழை கொட்டி, பயிர் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். ‘ஒரு வாரம் மூழ்கிய பயிர், தண்ணீர் வடிந்ததும் ஏன் சாய்ந்துவிடுகிறது? ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் நிமிருமா?’ என்று அண்ணனூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெளிக்க வேண்டாம். பயிர் சாய்வதற்கு முக்கியக் காரணமே அந்த ஊக்கியின் வேகம்தான்.

பயிருக்குள் உருவாகும் எத்திலீன் வாயு, தண்ணீருக்குள் வெளியேற வழியின்றித் தேங்கும். அது ஜிப்ரலினைத் தூண்டிவிட, தண்டும் இலையும் மளமளவென்று நீளும். சேமித்த மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பு இருக்காது.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம் இப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணமான ‘சப்1ஏ’ மரபணுவை 2006-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். எத்திலீன் தேங்கியதும் இந்த மரபணு விழித்துக்கொண்டு, ஜிப்ரலினுக்குத் தடை போடும் புரதங்களைப் பெருக்குகிறது. பயிர் நீளாமல், சத்தைச் சேமித்து அடங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும்.

ஆழ்நீர் நெல் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள ‘ஸ்நார்கெல்’ மரபணுக்கள், அதே எத்திலீனைக் கண்டதும் தண்டை நீட்டித் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் நிலத்துக்கு அதுதான் சரி. ஊக்கி ஒன்றுதான், அதற்கு எப்படி நடந்துகொள்வது என்பதை மரபணுதான் முடிவு செய்கிறது.

நமக்குப் பழக்கமான சி.ஆர்.1009 (பொன்மணி) ரகத்தில் இந்த மரபணுவைக் கலப்பு முறையில் சேர்த்து உருவாக்கியதுதான் சி.ஆர்.1009 சப்1. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. வளர்ச்சிப் பருவத்தில் சுமார் 10 முதல் 14 நாள்கள் வரை மூழ்கினாலும் தாங்கும். ஆனால், முளைக்கும் விதையையோ பூக்கும் கதிரையோ இது காப்பாற்றாது. நீண்ட வயதுடைய ரகம் என்பதால் சம்பாவுக்கே ஏற்றது.

எந்த ரகமானாலும், முதலில் தண்ணீரை வடியுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு, ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள்.

தாழ்வான வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த சம்பாவுக்கு விதை வாங்கும்போது, மூட்டையின் சான்று அட்டையில் ‘சப்1’ என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். வெறும் சி.ஆர்.1009 என்றிருந்தால், அதில் இந்தத் தடுப்பு கிடையாது.