சினை ஊசி பலிக்க உறைவிந்துக்கும் வேண்டும் பாதுகாப்பு

லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்கள், அந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் மாட்டு வணிகம் கொடிகட்டிப் பறந்ததை நினைவூட்டுகின்றன. கேகே மருத்துவமனையின் பெயரிலுள்ள ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு எருமைத் தொழுவம் என்று பொருள்.

இன்று சிங்கப்பூரில் கால்நடைப் பண்ணைகள் மிகச் சிலவே. ஆனால், தமிழகத்தில் உள்ள நம் உறவினர் பலருக்குக் கறவை மாடு இன்னமும் வாழ்வாதாரம். அங்கு பெரும்பாலான பசுக்கள் ‘சினை ஊசி’ மூலமே கருத்தரிக்கின்றன. ஊசி பலிக்காவிட்டால் அடுத்த பருவத்திற்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவு நிற்காது. கன்றும் பாலும் தள்ளிப்போகும்.

ஊசி பலிக்காததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, உறைவிந்தின் தரம்.

குச்சிக்குள் இருப்பது என்ன?

ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் அருகே ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் தமிழக அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. காளையின் விந்தை முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் கலந்த கரைசலில் நீர்க்கச் செய்து, 0.25 மில்லிலிட்டர் குச்சிகளில் அடைப்பார்கள். ஒரு குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். அவை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியசில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். கிளிசரால் விந்தணுவைக் குளிரிலிருந்து காக்கும் என்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ்டஃபர் போல்ஜ் குழுவினர் 1949ல் வெளியிட்டதே இதற்கு வழிவகுத்தது.

சேதம் எப்போது?

உறைந்து கிடக்கும்போது அல்ல; குளிரவைக்கும்போதும் மீண்டும் உருக்கும்போதும்தான் சேதம் அதிகம். அப்போது, தீவிர வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, விந்தணுவின் மேலுறையில் உள்ள கொழுப்பைத் தாக்குகின்றன. எண்ணெய் சிக்குவாடை அடிப்பதும் இதே போன்ற மாற்றத்தால்தான். விந்துநீரில் இயற்கையாகவே தடுப்புப் பொருள்கள் உண்டு. ஆனால், கரைசல் சேர்க்கும்போது அவற்றின் அடர்த்தி குறைந்துவிடுகிறது. எருமையின் விந்தணு, பசுவினக் காளையினுடையதைவிட எளிதில் பாதிப்படையும்.

இந்தக் குறையை ஈடுசெய்யவே கரைசலில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சேர்க்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளுட்டதயோன், மெலட்டோனின் போன்றவை சோதிக்கப்பட்டுள்ளன. உருக்கிய பிறகு விந்தணுக்களின் அசைவு மேம்பட்டதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், அசைவு கூடினால் சினைப்பிடிப்பும் அதே அளவில் கூடும் என்று சொல்லிவிட முடியாது.

அளவும் முக்கியம். கருவுறும் திறனைப் பெற விந்தணுவுக்கு அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு தேவை. தடுப்பான் மிகுந்தால் அதுவே கெடுதல்.

கவனத்திற்கு ஈடில்லை

எந்தத் தடுப்பானும் கவனக்குறைவை ஈடுகட்டாது. கலனில் திரவ நைட்ரஜன் வற்றக்கூடாது. குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை நிமிடம் உருக்கி, தாமதமின்றிச் செலுத்த வேண்டும்.

மாடு வளர்ப்போர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போடச் சொல்வது வழக்கமான பரிந்துரை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.