கைப்பேசிக்குள் ஒரு காவலாளி



சாரற் பருவத்தில் ஒரு நாள் மாலை, ஐந்தருவியிலிருந்து தென்காசிக்குத் திரும்புவதற்காகச் சாலையோரம் நின்றிருந்தேன். சில அடி தொலைவில் கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். இரு சக்கர வண்டியில் வந்த ஒருவன் அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டு கூட்டத்தினூடே மறைந்தான். அம்மாணவர் பொருளின் விலையை எண்ணிக் கலங்கவில்லை. "ஐயா, திறந்தபடியே போய்விட்டதே!" என்றுதான் பதறினார்.

அவர் பதற்றத்தில் நியாயம் உண்டு. பூட்டிய கைப்பேசி திருடனுக்கு வெறும் கண்ணாடிப் பலகை. திறந்ததோ வீட்டுச் சாவிக்கொத்து. கடிதங்கள், படங்கள், சான்றிதழ்கள், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் யாவும் அதனுள் அடக்கம். என் போன்ற ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதை மைய அரசுக்கு மெய்ப்பிப்பதும் 2021 முதல் கைப்பேசிக்கு முகங்காட்டியே நடைபெறலாம் என்றாகிவிட்டது.

இத்தகைய கருவியைக் காக்கும் பொறுப்பில் பெரும் பங்கு அதன் இயங்குதளத்தைச் சேர்ந்தது. இயங்குதளம் யாதெனக் கேட்பீர்களாயின், குற்றாலப் பேரருவியின் நடுவேயுள்ள பொங்குமாங்கடலை நினைத்துக்கொள்ளுங்கள். மலைமேலிருந்து வரும் நீர் நேரே நம் தலையில் விழுமானால் எவரும் அதன்கீழ் நிற்க இயலாது. பாறையில் அமைந்த அந்த ஆழ்ந்த மடு நீரின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, நாம் தாங்குமளவு கீழே விடுகிறது. அவ்வாறே மின்சுற்றுகளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, எதற்கு எவ்வளவு விடுவது என்று முறைப்படுத்துவது இயங்குதளம். திரை எப்பொழுது பூட்டப்பட வேண்டும் என்பதும் அதன் ஆட்சிக்கு உட்பட்டதே.

நம் நாட்டில் மிகப் பலர் கையாள்வது கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு. 2008இல் அது வெளிவந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் தமிழ் அதன் மொழிப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன் என் கைப்பேசியில் தமிழ்ச் செய்திகள் வெறுங்கட்டங்களாய் வந்து நின்றதை நான் மறக்கவில்லை! புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதன் வண்ணங்களையும் வடிவங்களையும் பலர் வியந்து பேசுகின்றனர். எனக்கு அவற்றில் அவ்வளவாக நாட்டமில்லை. 2024 அக்டோபரில் கூகுளின் பிக்சல் கைப்பேசிகளுக்கு வந்த பதினைந்தாம் பதிப்பையும், அதே காலத்தையொட்டி வெளியான காவல் ஏற்பாடுகளையுமே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அவற்றுள் முதன்மையானது திருட்டை உணரும் பூட்டு. கைப்பேசியைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறதன்றோ? அசைவை அளக்கும் சிறு உணரி அதனுள் இருப்பதே காரணம். கையிலிருந்து வெடுக்கென இழுபட்டு, உடனே ஓட்டமோ வண்டியின் விரைவோ தொடருமாயின், அவ்வசைவுக்குத் தனியொரு சாயல் உண்டு. அச்சாயலை இனங்காணப் பயிற்றப்பட்ட நிரல் ஐயம் தோன்றியதும் திரையைப் பூட்டிவிடுகிறது. முதலில் பிரேசில் நாட்டில் இதனைச் சோதித்தனர். பத்தாம் பதிப்பு முதற்கொண்டே இது கிடைப்பதால், இதற்கெனப் புதுக் கைப்பேசி வாங்க வேண்டுவதில்லை. திருடன் இணையத்தைத் துண்டித்தால், சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உடன் உள்ளது.

இதனைச் சோதிக்க எண்ணி, வீட்டு முற்றத்தில் என் பெயரனைத் திருடனாக்கினேன். முதன்முறை பூட்டு விழவில்லை. தாத்தாவின் பொருளாயிற்றே என்று அவன் பணிவோடு வாங்கிக்கொண்டு ஓடினான்! "பறித்துக்கொண்டு ஓடு" என்றேன். இரண்டாம் முறை அவன் தெருமுனையை எட்டுமுன் திரை பூட்டிக்கொண்டது. மூன்றாம் முறை மீண்டும் ஏமாற்றியது. ஆகவே இது தவறாத காவலாளி அன்று.

பதினைந்தாம் பதிப்பில் 'தனியிடம்' என்றொரு வசதியும் வந்தது. வீட்டுக்குள் பூட்டிய உள்ளறை போன்றது அது. வங்கிச் செயலிகளை அதனுள் வைத்து வேறொரு பூட்டிடலாம். அறை பூட்டியிருக்கும்போது அச்செயலிகள் இயங்கா. அவற்றின் அறிவிப்புகளும் வாரா. ஆதலின் மருந்து வேளையை நினைவூட்டும் செயலியை அங்கே வைக்கலாகாது.

இவற்றையெல்லாம் பெரும்பாலும் அமைப்புகள் பகுதியில் நாமே இயக்கிவைத்தல் வேண்டும். அம்மாணவர் இயக்கிவைக்கவில்லை. என் கைப்பேசியிலிருந்தே வங்கியை அழைத்து அவர் கணக்கை நிறுத்தினோம். காவல் நிலையத்தில் புகார் அளித்தபின், 2023இல் தொடங்கப்பெற்ற மைய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே கருவியை முடக்க முயன்றோம். அதற்குக் கருவியின் பதினைந்து இலக்க அடையாள எண் வேண்டியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியைத் தேடி அவருடைய தாயார் ஊரில் பரண்மேல் ஏறினார்.

*#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசிக்குள்ளேயே எழுதி வைத்துப் பயனில்லை.