பழைய அவுட்போர்டு மோட்டாரில் ஸ்பார்க் வரவில்லையா? காயில் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது வருடமாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது வாப்பாவின் பழைய இரண்டு சிலிண்டர் ஜான்சன் மோட்டார். கடைசியாக அது ஓடிய நாளில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தாண்டி லகூனுக்குள் போனபோது முதலில் பாதி வலு குறைந்தது, சற்று நேரத்தில் நின்றே விட்டது. படகில் சின்னப் பிள்ளைகள் நான்கு பேர். கழியை ஊன்றி ஊன்றி கோரையாற்றுக்குள் திரும்பி வந்தபோது இஷா நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் காலை அதே மோட்டார் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் உம்மா அதை மறுபடி படகில் ஏற்ற விடவில்லை.

கடந்த பெருநாள் விடுப்பில் காக்கா ஊர் வந்தபோது அதைக் கிளப்பிப் பார்த்தோம். சுத்தமாக ஸ்பார்க் இல்லை. காட்டிய இடத்தில், "காயில் ரெண்டும் போச்சு, செட்டா மாத்தணும், இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். நாங்களே பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அந்த மெக்கானிக் சொன்னது பாதி சரி, பாதி தவறு. நம் கடலோர ஊர்களில் இப்படி மூலையில் கிடக்கும் மோட்டார்கள் நிறைய இருப்பதால் பார்த்ததை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்த வகை மோட்டாரில் ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. மேலே சுற்றும் ஃபிளைவீலுக்குள் காந்தம் இருக்கிறது. அது காயிலைக் கடக்கும்போது, மூடியிருக்கும் சி.பி. பாயிண்ட் வழியாகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. சரியான நொடியில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தை வெட்டுகிறது. வெட்டிய அந்தக் கணத்தில்தான் காயிலின் மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. பாயிண்ட் முனையிலேயே பொறி பறந்து கருகாமல் கண்டென்சர் பார்த்துக்கொள்கிறது. பழைய லூனா பிரித்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதில் கவனிக்க வேண்டியது, பாயிண்ட்டில் ஓடுவது மிகக் குறைந்த வோல்ட். உப்புக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் அதன் முனைகளில் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் படியும். அது போதும், மோட்டார் செத்தது போல் கிடக்கும். காயில் நன்றாகவே இருக்கும்.

சோதிக்கும் முறையிலும் பலர் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றி உடலில் தொட வைத்து, கயிற்றை இழுத்து, நீலப்பொறி தெரிந்தால் "ஸ்பார்க் இருக்கு" என்று முடிவு கட்டுவார்கள். வெளியே காற்றில், முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட பலவீனமான காயிலுக்கும் முடியும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதனால் ஒரு மரத்துண்டில் இரண்டு ஆணி அடித்து, முனைகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் (கால் அங்குலம்) விட்டு, ஒன்றை மோட்டார் உடலோடும் மற்றொன்றைப் பிளக் வயரோடும் இணைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியைப் பொறி பளிச்சென்று தாண்ட வேண்டும். இதைச் செய்யும்போது பெட்ரோல் டேங்க் தூரத்தில் இருக்கட்டும், பிளக் துளையின் அருகே பொறி விழக்கூடாது, பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள். வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் வீரமும் வேண்டாம்.

நிறுத்தும் பொத்தான் உள்ள மோட்டாராக இருந்தால், ஃபிளைவீலைத் தொடும் முன் அதன் வயரைப் பிரித்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். பொத்தானின் வேலையே ஸ்பார்க்கைத் தரைக்கு இழுத்து மோட்டாரை அணைப்பதுதான். உப்பு ஏறி அது உள்ளேயே ஒட்டிக்கொண்டால், மோட்டார் எப்போதும் 'ஆஃப்' நிலையில்தான் இருக்கும். பத்து நிமிட வேலை இது. இதைப் பார்க்காமல் காயில் மாற்றியவர்கள் உண்டு.

எங்கள் மோட்டாரில் இங்கே கோளாறு இல்லை. ஃபிளைவீலைக் கழற்றினோம். நட்டைக் கழற்றியபின் மேலே உள்ள மூன்று துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் இதற்குச் சரியான கருவி. விளிம்பில் கொக்கி மாட்டும் புல்லர் வேண்டாம். சுத்தியலால் ஃபிளைவீலை அடிக்கவே கூடாது. காந்தம் கெடும், கிராங்க் வளையும். உள்ளே ஷாஃப்ட்டில் ஒரு சிறிய சாவி இருக்கும். அது வெட்டுப்பட்டு இருந்தால் டைமிங்கே நகர்ந்துவிடும், எனவே அதையும் உற்றுப் பாருங்கள், தொலைக்காதீர்கள்.

பாயிண்ட் இரண்டிலும் சாம்பல் நிறப் படலம். 400 நம்பர் நீர்த்தாளை மடித்து மெதுவாக இழுத்து, பிறகு ஒரு விசிட்டிங் கார்டை தின்னரில் நனைத்து இடையே இழுத்தோம். கார்டு கருப்பாக வந்தது. மறுபடி மறுபடி, வெள்ளையாக வரும்வரை இழுத்து, கடைசியில் உலர்ந்த கார்டு. எமரி துணி வேண்டாம், அதன் துகள்கள் முனையில் பதிந்துவிடும். விரலும் படக்கூடாது, எண்ணெய்ப்பசை ஒட்டினால் செய்ததெல்லாம் வீண். பிறகு கேம் பாயிண்ட்டை முழுதாகத் திறந்திருக்கும் நிலைக்குத் திருப்பி, ஃபீலர் கேஜால் அரை மில்லிமீட்டர் (0.020 அங்குலம்) வைத்தோம். இந்தக் குடும்பத்து மோட்டார்களுக்கான வழக்கமான அளவு இது. மற்றவற்றுக்கு அதனதன் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஃபிளைவீலைத் திருப்பிப் போட்டு இழுத்ததும் மேல் சிலிண்டரில் பொறி ஆணிகளைத் தாண்டியது. அல்ஹம்துலில்லாஹ்! கீழ் சிலிண்டரில் மங்கலாக ஒன்று, அதுவும் விட்டு விட்டு. மறுபடி திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், அந்தக் காயிலின் கறுப்பு உறையில் தலைமயிர் போல ஒரு விரிசல். பழைய காயில்களில் இது சாதாரணமாகப் பார்ப்பது. விரிசல் வழியாக ஈரம் இறங்கும். ஆறியிருக்கும்போது வேலை செய்து, சூடேறினால் கைவிடும். ஒன்பது வருடத்துக்கு முன் பாதி வலு போனதற்கும், மறுநாள் காலை ஒழுங்காக ஸ்டார்ட் ஆனதற்கும் காரணம் அன்றுதான் புரிந்தது.

ஒரே ஒரு காயில் வாங்கினோம். ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் செய்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூட் பெயரைப் பிறகு வாங்கிய பி.ஆர்.பி. நிறுவனமும் 2020இல் அவுட்போர்டு தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்தக் காயில், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் வேறு தயாரிப்பாளர்களால் இன்றும் செய்யப்படுகின்றன. "பார்ட்ஸ் கிடைக்காது" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். பொருத்தும்போது காயிலின் இரும்புக் கால்கள் அடித்தட்டின் கடைந்த விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் காந்தத்தில் உரசும், உள்ளே போனால் ஸ்பார்க் குன்றும். பிளக் வயரும் செம்புக் கம்பி உள்ளதாக இருக்கட்டும், காருக்குப் போடும் கார்பன் வயர் வேண்டாம். ஃபிளைவீல் உட்காரும் கூம்பு இடத்தைத் துடைத்துக் காயவிட்டுப் பொருத்துங்கள், அங்கே கிரீஸ் கூடாது.

யமஹா எண்டூரோ போன்ற மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாயிண்ட் வேலை கிடையாது. அதில் சி.டி.ஐ. பெட்டி. அங்கேயும் வரிசை இதேதான்: முதலில் நிறுத்தும் சுவிட்சும் அதன் பாதுகாப்புக் கயிறும், அடுத்து பச்சை பூத்த கனெக்டர்கள், பிறகு ஃபிளைவீலுக்குக் கீழே உள்ள சார்ஜ் காயில், பல்சர் காயில் ஆகியவற்றின் ஓம் அளவு. பெட்டியைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். நடப்பில் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள், விலையும் அதற்குத்தான் அதிகம்.

ஸ்பார்க் வந்த சந்தோஷத்தில் மோட்டாரைத் தரையில் வைத்தே ஓட்டிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கீழேயுள்ள வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் கருகும். வருடக்கணக்கில் கிடந்ததென்றால் அந்த ரப்பர் எப்படியும் விறைத்திருக்கும், மாற்றிவிடுவதே நல்லது. நாங்கள் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கால் மூழ்க வைத்து, புதிய பெட்ரோலில் 2டி ஆயிலைக் கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்து இழுத்தோம். ஆறாவது இழுப்பில் பிடித்தது. அரை மணி நேரம் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அணைத்து, சூட்டோடு சூடாக ஆணிச் சோதனையை இன்னொருமுறை செய்தோம். இரண்டு சிலிண்டரிலும் பொறி குறையவில்லை.

இப்போதைக்குக் கரை கண்ணில் படும் தூரம்தான். படகில் துடுப்பு, கழி, நங்கூரம், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். மூடி இறுகிய ஒரு டப்பாவில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர். பழைய காயில்களில் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது, அதற்கும் ஒரு மாற்று வாங்கி வைத்திருக்கிறோம். உம்மா இன்னும் ஏறவில்லை. பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள், அஸருக்குப் பிறகு மட்டும் வேண்டாமாம்.