சந்தனமடு ஆற்றில் ஒரு தூண்டில்

சித்தாண்டி என்றதும் முருகன் கோயிலும் மயில்கட்டுத் திருவிழாவும் பலருக்கு நினைவுக்கு வரும். தயிர் வாங்க வருபவர்களுக்கு மாட்டுப் பட்டிகள் நினைவுக்கு வரும். 2023இல் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பறிபோவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் இந்த ஊரின் வீதியோரத்தில் நாட்கணக்கில் குந்தியிருந்தபோது ஊரின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. மீனுக்காக மட்டும் யாரும் இதைச் சொல்வதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், பாசிக்குடாவுக்குப் போகிற திருகோணமலை வீதியிலேயே ஊர் இருக்கிறது. உல்லாசப் பயணிகளின் வான்கள் தினமும் நிற்காமல் கடந்து போகின்றன. அவர்களில் தூண்டில் பிரியர் யாரும் இருந்தால் படகேறிக் கடலுக்குப் போகிறார்கள். வீதிக்கு மேற்கே சிறிது தூரத்தில் முந்தனை ஆறு ஓடுவதும், அதன் சந்தனமடுப் பகுதியில் விரால் புரளுவதும் அவர்களுக்குத் தெரியாது.

நன்னீர்த் தூண்டில் விளையாட்டு என்றாலே இலங்கையில் நுவரெலியாவின் பேச்சுத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தங்கள் நாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். குளிர்நீர் மீன் என்பதால் அது மலையை விட்டு இறங்கவில்லை. நம் கீழ்நாட்டுக்கு அப்படி எதையும் கொண்டுவரத் தேவையில்லை. தூண்டில்காரன் கனவில் காணக்கூடிய இரண்டு மீன்கள் இங்கே முன்னமே இருக்கின்றன. விராலும் கொடுவாவும்தான் அவை.

விராலைப் பிடிப்பது பொறுமையும் கண்ணும் சேர்ந்த வேலை. அது காற்றைக் குடித்து வாழ்கிற மீன். சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து மூச்செடுத்துவிட்டுப் போகும். தாமரை இலைகளுக்கு நடுவே நீர் ஒரு தடவை வட்டமாகச் சுழன்று அடங்கினால் அதுதான் அடையாளம். எங்கள் பெடியன்கள் மூங்கில் கம்பில் தங்கூசி கட்டி, சிறிய தவளையொன்றைக் கொளுவி, இலைகளின் மேல் தத்த விடுவார்கள். வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் ரப்பர் தவளையைக் கொண்டு அதையேதான் செய்கிறார்கள். முள் மேல்நோக்கி ஒளிந்திருப்பதால் அந்த ரப்பர் தவளை புல்லிலும் இலையிலும் சிக்காமல் வழுக்கி வரும். விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்கும். அந்தக் கணத்திலேயே கம்பை இழுத்தால் மீன் போய்விடும். வாயை மூடித் திரும்புகிற வரைக்கும் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பழகியவர்களுக்கே அந்த ஒரு மூச்சு தவறிப் போகும்.

வடகீழ்ப் பருவமழை கார்த்திகையில் தொடங்கி ஆறும் குளங்களும் நிரம்பி வயல்களோடு ஒன்றாகிவிடும். விரால் ஏறி வந்து முட்டையிடுவது அந்த நீரில்தான். புல்லை ஒதுக்கி இடம் செய்து முட்டையை மிதக்க விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பொரித்த பார்ப்புகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோல் திரண்டு திரியும்போதும் கீழே பெரிய மீன் கூடவே வரும். பார்ப்புக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் அது பசியில்லாமலே கடிக்கும். ஆகவே அதைத் தூக்குவதற்குப் பெரிய திறமை வேண்டாம். ஆற்றோரம் வீச்சுவலையை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதைப் பற்றிச் சொன்னது இரண்டே வரிதான்: "பார்ப்போட நிக்கிற விராலத் தூக்கப்படா மனே. தாயத் தூக்கினா பார்ப்பு முழுக்க மத்த மீனுக்குத் தீனி."

இங்கே தூண்டில் சுற்றுலாவுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் அதில் முதல் விதியாக எழுத வேண்டியது இதையே. உலகின் பல இடங்களில் விளையாட்டுத் தூண்டிலுக்கு மூடிய காலம் என்று ஒன்று உண்டு. அதைக் கொழும்பில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் கேட்டாலே போதும்.

கொடுவாவின் கதை இன்னும் வியப்பானது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி மழைக்காலத்தில் முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கடலோடு சேரும். வெயில் காலத்தில் மணல் மூடிவிடும். அந்தத் திறப்பையும் அடைப்பையும் ஒட்டித்தான் கொடுவாவின் வாழ்வு நடக்கிறது. குஞ்சுகள் வாவிக்குள்ளும் நன்னீருக்குள்ளும் ஏறி வளரும். முட்டையிட உவர்நீருக்கே திரும்ப வேண்டும். பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிரும். சில ஆண்டுகள் கழிந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறும். ஆகவே ஒருவன் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீன். அதை வெட்டி விற்பவனுக்கு ஒரு நாள் கூலி கிடைக்கும். அளந்து, படம் எடுத்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டால், அது இலட்சக்கணக்கில் முட்டையிடும். அதைப் பிடிக்க அடுத்த பருவத்தில் இன்னொருவன் பணம் கட்டி வருவான். கொடுவாவைத் தேடி மனிதர்கள் வட அவுஸ்திரேலியா வரை போகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் பரமுண்டி. எங்கள் வாவியில் இருப்பதும் அதே மீன்தான்.

குளங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உறுகாமம், உன்னிச்சை, வாகனேரி எல்லாம் பிழைப்புக்கான குளங்கள். அங்கே பிடிபடுவதில் பெரும்பங்கு 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இனத்து மீன்கள். பின்னர் வந்த கட்லா, ரோகு போன்ற இந்தியக் கெண்டைகள் குளத்தில் தாமாகப் பெருகாதவை. குஞ்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான உதவியை நிறுத்தியபோது அந்தக் குஞ்சு வழங்கலும் நின்றது. 1994இல் மீண்டும் தொடங்கி, பின்னர் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அந்தப் பொறுப்பை ஏற்றது. இந்தக் குளங்களில் வலை போடுகிறவர்களின் அன்றாட வருமானத்துக்குக் குறுக்கே எந்தத் தூண்டில் விளையாட்டும் வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். விருந்தினர் பிடிக்கும் திலாப்பியாவைக் கரையிலேயே பொரித்துக் கொடுத்தால் அதுவும் ஒரு வருமானம். அதற்கு மேல் குளத்தைத் தொட வேண்டாம்.

தூண்டில் சுற்றுலா என்று பேசும்போது காவிரியில் நடந்ததை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போதிருந்தே தென்னிந்தியாவின் மஹசீர் மீனுக்கு உலகப் பெயர். நம் காலத்தில் கர்நாடகத்துக் காவிரிக் கரையில் கலிபோரே, பீமேஷ்வரி போன்ற முகாம்கள் அமைந்தன. முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகள் ஆனார்கள். பிடித்த மீனை எடைபார்த்து விட்டுவிட்டு ஏட்டில் எழுதினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே காலத்தில் வெளியிலிருந்து, லோனாவ்லா பண்ணையில் வளர்த்த வேறொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. 1998 முதல் 2012 வரையான கலிபோரே ஏட்டைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், வந்த மீன் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிப் போயிருந்தது. 2018இல் அந்த மீன் அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அந்த ஏடு இல்லாதிருந்தால் ஒரு மீன் மறைவது எவருக்கும் தெரிந்திருக்காது. சித்தாண்டிக்கு அப்படி ஒரு ஏடு வேண்டும். புதிய மீன் வேண்டாம். சுற்றுலாவுக்கென்று பெரிதாய் வளரும் அந்நிய இனம் எதையேனும் ஆற்றில் விடலாம் என்று யாரும் யோசனை சொன்னால், அந்த யோசனையை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

ஆற்றின் உண்மையான ஆபத்து வேறு. முந்தனை ஆற்றுப் படுகையில் மணல் அள்ளுவது ஓயவில்லை. வெயில் காலத்தில் ஆறு மெலிந்ததும் பெரிய மீன் ஒதுங்குவது ஆழமான மடுக்களில். மணலைத் தோண்டும்போது கரை சரிகிறது, கரையோர மரம் விழுகிறது, கலங்கல் நீர் மீன் முட்டையிடும் புல்லை மூடுகிறது. இரவில் ஓடும் லொறியைப் பற்றி முறையிட இன்று விவசாயியும் மீனவரும்தான் இருக்கிறார்கள். மடுவில் மீன் இருப்பதால் பிழைக்கிற வழிகாட்டிகளும் தங்குமிடக்காரரும் சேர்ந்தால் அந்தக் குரலுக்கு இன்னும் பலம் வரும். தூண்டில் விளையாட்டை நான் ஆதரிப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

முதலையைப் பற்றியும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இந்த நீர்களில் முதலை உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கி நின்று தூண்டில் வீசுகிற ஐரோப்பியப் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. தோணியிலிருந்தோ உயர்ந்த கரையிலிருந்தோ மட்டும் வீச வேண்டும், இருள முன் திரும்ப வேண்டும். எந்த வளைவில் முதலை படுக்கும் என்பது உள்ளூர்த் தோணிக்காரனுக்கே தெரியும். மாசி, பங்குனியில் வெள்ளம் வடிந்து நீர் தெளியும்போதுதான் பருவம் ஆரம்பிக்கும். அதற்கு முன் வருபவரைத் திருப்பி அனுப்பத் துணிய வேண்டும்.

மேலிருந்து வரும் திட்டங்களை இந்த ஊர் ஐயத்தோடு பார்ப்பதற்கு அந்த மேய்ச்சல் தரைப் பிரச்சினை ஒன்றே போதிய காரணம். ஆகவே அனுமதிச் சீட்டு நன்னீர் மீனவர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், பணம் சங்கத்தின் பெட்டியில் விழ வேண்டும், விடுகிற மீனின் அளவை எழுதுகிற ஏடும் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். பிரதேச செயலகமும் அதிகாரசபையும் சங்கத்தாரோடு இருந்து பேசி, அடுத்த மழைக்கு முன் பார்ப்புக் காலத்துக்கு ஒரு தடையையும் விடவேண்டிய கொடுவாவுக்கு ஓர் அளவையும் எழுதி வைத்தால், வருகிற மாசியிலேயே முதல் தோணியை இறக்கலாம்.