மூஷிகமும் மோட்டாரும்

கோடை விடுமுறை வந்ததும் மும்பைவாழ் நம்மவர் பலர் குடும்பத்துடன் ரயிலேறி ஊர் சென்று, ஒரு மாதம் கழித்தே திரும்புகின்றனர். வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம். கீழே நிற்கும் காரை யாரிடம் ஒப்படைக்கிறோம்? பெரும்பாலும் எலிகளிடந்தான்! பிள்ளையாரின் வாகனமாகிய மூஷிகம் நம் வாகனத்தில் குடியேறிவிடுகிறது.

பசியினாலேயே எலி கம்பியைக் கடிக்கிறது என்று எண்ணுதல் தவறு. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. எதையேனும் கொறித்துக்கொண்டிருப்பது அதன் இயல்பு. பானெட்டின் அடியில் இருளும் மறைவும் உண்டு. ஓசையடக்கப் பதித்த பஞ்சு கூடு கட்ட உதவுகிறது. கம்பியின் மேலுறையோ பல்லுக்கு இசைவானது.

நஷ்டம் கம்பியின் விலையோடு நிற்பதில்லை. உறை நீங்கிய கம்பிகள் உராய்ந்தால் தீப்பொறி எழும். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாயையும் எலி கடிப்பதுண்டு. கசிவும் பொறியும் சேர்ந்தால் விபரீதமே. பிரேக் பிடிக்கையில் சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியின் கம்பி அறுந்தால், ஜூன் மாத மழைச் சாலையில் அந்தக் காவல் இராது.

பரிகாரங்கள் எளியவை:

1. குழந்தைகள் காரில் சிந்திய தின்பண்டத் தூளை அகற்றுக. குப்பைத் தொட்டியருகிலும், புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் இடத்திலும் காரை நிறுத்தற்க.

2. நம்பிக்கையான நண்பரிடம் சாவியைத் தந்து, வாரம் இருமுறை சிறிது தூரம் ஓட்டச் சொல்லுக. அசையாத காரிலேயே எலி அச்சமின்றிக் கூடு கட்டும்.

3. எலி நுழையும் வழிகளுக்கு, 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள இரும்பு வலையை மெக்கானிக்கைக் கொண்டு பொருத்துக.

4. கம்பிகளின்மீது மிளகாய்க் காரம் ஏற்றிய நாடாவைச் சுற்றலாம். ஹோண்டா நிறுவனம் இத்தகைய நாடாவை விற்கிறது.

புகையிலை, நாப்தலீன் உருண்டை முதலியவற்றின் நெடி நாளடைவில் குறைந்துவிடும். அவற்றை மட்டும் நம்பலாகாது. விஷம் வைத்தலோ குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் ஆபத்து. எலி காருக்குள்ளேயே மடிந்து நாறவும் கூடும்.

புறப்படுமுன் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் எலிக்கடி சேர்ந்துள்ளதா என்று படித்துக்கொள்ளுங்கள். திரும்பியதும், சாவியைத் திருகுமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள். பிழுக்கையோ கடித்த துணுக்குகளோ பெட்ரோல் வாடையோ இருப்பின், வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். பிழுக்கையை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். ஐந்து நிமிஷச் சோதனை, பெருஞ்செலவையும் அதனினும் பெரிய ஆபத்தையும் தவிர்க்கும்.