செம்பனைத் தோட்டச் சாலையில் விமானம் இறங்குமா?

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் வழியெங்கும் செம்பனை. நடுவே செம்மண் சாலை, ஓரத்தில் கால்வாய். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். இப்படி ஒரு சாலையில் நேராகக் கிடைக்கும் 200 மீட்டரில், சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் ஏறி இறங்க முடியுமா? விமானப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல கேள்வி.

குறுகிய தளத்தில் இறங்கும் விமானம் நமக்குப் புதிதல்ல. அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த காவல் கோட்டைகளுக்குப் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 'பயனியர்' விமானங்கள் போய்வந்தன. அதன் இரட்டை எஞ்சின் வகையான 'ட்வின் பயனியர்'தான் 1958இல் நம் ஆகாயப் படைக்குக் கிடைத்த முதல் விமானம். பயனியரின் இரகசியம் எஞ்சினில் இல்லை, இறக்கையில் இருந்தது. முன் விளிம்பு முழுவதும் ஸ்லாட், பின்னால் அகன்ற ஃபிளாப். மெதுவாகப் பறக்கும்போதும் இறக்கை தூக்கும் சக்தியை இழக்காமல் இவை காத்தன.

ஒருவர் அமரும், மொத்தம் 300 கிலோ எடையுள்ள விமானம், 12 சதுர மீட்டர் இறக்கை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இறக்கையோடு மணிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டருக்குக் கீழே அது காற்றில் நிற்காது. ஸ்லாட்டும் ஃபிளாப்பும் நன்றாக அமைந்தால் இந்த வேகம் 46க்கு இறங்கும். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் தரையோட்டம் சுமார் 40 விழுக்காடு குறைகிறது. எடை 10 விழுக்காடு கூடினாலோ, அதே எஞ்சினுக்கு ஏறும் ஓட்டம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீளும். பெரிய எஞ்சின் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஏறுவதற்கு உதவும். இறங்கும்போது அது வெறும் சுமை.

நம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிற்பகல் 33 டிகிரியில் காற்று லேசாகிவிடுவதால், கடலோரக் கோல சிலாங்கூரிலும் விமானம் 600 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலத் திணறும். சாலை முடிகிற இடத்தில் முதிர்ந்த செம்பனை 12, 15 மீட்டர் நிற்கும். தரையை விட்டுக் கிளம்பினால் மட்டும் போதாது, அந்த மட்டைகளைத் தாண்ட வேண்டும். அந்த உயரத்தில் அவசரப்பட்டு மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்தால், மீண்டும் பிடிக்கக் கீழே இடமில்லை. உயிர் போவது இங்கேதான்.

அப்படியானால் கம்போசிட்டில், அதாவது கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையை எப்பாக்சிப் பசையில் தோய்த்துக் கட்டுவது சரியா? பர்ட் ரூட்டன் 1970களில் நுரைப் பலகையை வெட்டி, அதன்மேல் கண்ணாடித் துணி ஒட்டி வீட்டிலேயே விமானம் கட்டும் வழியைப் பரப்பினார். ஆனால் அவருடைய அந்த விமானங்கள் வேகத்துக்குப் பேர்போனவை. நீண்ட ஓடுதளம் கேட்பவை. குறுந்தளத்துக்குப் பெயர்பெற்ற ஸெனித் சிஎச் 701 முழுக்க அலுமினியம். மெதுவாகப் பறப்பதற்கு வழவழப்பான உடல் அவ்வளவு முக்கியமில்லை. ஆகவே எடையைக் குறைக்கும் இடத்தில், குறிப்பாக இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் கார்பனைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

கம்போசிட் வேலை நம் நாட்டுக்குத் தெரியாததும் அல்ல. முழுக்கக் கம்போசிட்டால் ஆன ஈகிள் 150 என்ற இரு இருக்கை விமானத்தை மலாக்கா பத்து பெரெண்டாமில் உள்ள சிடிஆர்எம் நிறுவனம் தயாரித்தது. வீட்டில் கட்டுபவருக்குத்தான் சிரமம் அதிகம். ஈரக்காற்றில் எப்பாக்சி சரியாக இறுகாது. ஏர்கோன் அறை வேண்டும். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகக்கூடும். இத்தகைய விமானங்களுக்கு வெள்ளைச் சாயம் பூசுவது அழகுக்காக அல்ல.

பறப்பதற்கு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி கட்டாயம். அதற்கு முன்பே இறக்கையைத் தலைகீழாகப் பொருத்திப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். 300 கிலோ விமானத்துக்கு ஆறு மடங்கு என்றால் 1,800 கிலோ. தோட்டத்தில் இறங்கும் 50 கிலோ உர மூட்டையில் 36. மூட்டைகளை இறக்கிய பிறகு ஒரு நாணயத்தால் இறக்கை முழுவதும் தட்டிக் கேட்பார்கள். குழியில் அடிபட்ட அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கம்போசிட் வெளியே பளபளவென்று இருந்தபடி உள்ளே பிரிந்திருக்கும். மந்தமான ஒலி வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அறுத்துப் பார்ப்பார்கள்.